வண்டியில் இருந்த பேரைச் சுரண்டினேன்

எனக்கு எழுபத்து நாலு வயது ஆகிறது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. நாலு பேருக்கும் சோறு போட்டது வாழை இலை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி முனையில் இருக்கிற இலைக் கடை நான் போட்டது. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பேசுகிற மாதிரி எழுதாதே, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற பெண்களே, இது உங்களுக்கு. இலை பார்க்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எது மண்டபத்துக்கு, எது மெஸ்ஸுக்கு என்று என்னைவிட வேகமாகப் பிரிக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மா, இந்த லோடு வண்டி எப்படியிருக்கு பாருங்க, பேசி முடிச்சா நாளைக்கே வாசல்ல வந்து நிக்கும்" என்றாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. பதில் நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் கடையை விடுவதற்கு முந்தின வருஷம். வைகாசி முகூர்த்தம் நெருங்கின நேரம் பார்த்துப் பழைய வண்டியின் எஞ்சின் போய்விட்டது. திருப்பராய்த்துறைத் தோட்டத்தில் இலை அறுத்துக் கிடக்கிறது. மண்டபத்துக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். வாடகை வண்டிக்காரன் நம் அவசரம் தெரிந்து வாய்க்கு வந்த வாடகை கேட்கிறான். என்னிடம் வண்டி ஓட்டினவன் முருகேசன், பொன்மலைப்பட்டிக்காரன். தன் கல்யாணத்துக்கு முன்னாலேயே என்னிடம் வேலைக்கு வந்தவன். கட்டு சரியாக இல்லையென்றால் தோட்டக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அவன்தான் போனில் தேடி ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்தான்.

விற்க வந்தவன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முருகேசன் போய் அவனையும் வண்டியையும் அழைத்து வந்தான். ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டேன். ஜெராக்ஸைக் கொடுத்தான்.

"ஒரிஜினல் பைனான்ஸ்ல இருக்குங்கம்மா. கடைசித் தவணை கட்டியாச்சு. பத்து நாள்ல வந்துரும், நானே கொண்டாந்து தரேன்."

சரியாகக் கேட்டேன், தப்பான பதிலை ஏற்றுக்கொண்டேன். ஏன் என்றால் அதற்குள் அவனிடம் பேரம் பேசி விலையை இறக்கிவிட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று மனசு நிறைந்திருந்தது. ஜெயித்த மனசு ஜெராக்ஸை உற்றுப் பார்க்காது.

எங்கள் வீட்டில் பெரிய பொருள் வாங்கினால் பணத்தைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். நுனி இலை ஒன்றை விரித்து, வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அதன் மேல் பணத்தை வைத்து நீட்டுவோம். அவன் சிரித்தான். "என்னங்கம்மா, மாப்பிள்ளைக்கு மொய் வைக்கிற மாதிரி இருக்கு" என்றான். லீவுக்கு வந்திருந்த பேத்தி, இதோ எழுதுகிறாளே இவள்தான், அதைப் போட்டோ எடுத்தாள். கண்ணு படும், எடுக்காதே என்று திட்டினேன்.

அவன் போன கையோடு நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். வண்டியின் முன் கண்ணாடியில் மேலே சிவப்பு எழுத்தில் இரண்டு பிள்ளைகள் பேர் ஒட்டியிருந்தது. பிரதீப், பிரியங்கா. மற்றவர் பிள்ளை பேரைச் சுமந்துகொண்டு வண்டி ஓடினால் நம் உழைப்பும் அந்தப் பக்கமே போகும் என்று என் மாமியார் சொல்லுவார். ஆர்.சி. பேர் மாறட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று மத்தியானமே ஒரு பிளேடை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினேன். அந்த இடத்தில் எங்கள் குலதெய்வம் மதுரகாளியம்மன் பேரை எழுதச் சொன்னேன். நீல வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன், இலைக் கடை வண்டி என்று தூரத்திலேயே தெரியட்டும் என்று. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கி, மறுநாள் முதல் லோடு ஏற்றினோம்.

பத்து நாள் போனது. அவன் போன் அணைந்துவிட்டது. முருகேசன், "ஊருக்குப் போயிருப்பான்மா" என்றான். முகூர்த்த அவசரத்தில் நானும் அதை நம்ப விரும்பினேன். ஆடியில் வேலை குறைந்ததும் இன்சூரன்ஸ் போட ஆளை வரச் சொன்னேன். அவர் வண்டி நம்பரைப் போனில் தட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இந்த நம்பருக்கு ஸ்கூட்டர்னு வருதே."

"தப்பாத் தட்டியிருப்பீங்க. திரும்பப் போடுங்க."

"போட்டுட்டேங்கம்மா. கரூர்ல யாரோ ஒரு வாத்தியார் பேர்ல ஓடிக்கிட்டிருக்கு."

மாம்பழச் சாலையில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவன் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தான், நான் அடித்த பச்சைப் பெயிண்டை நகத்தால் கீறினான். எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் கிரைண்டர் வைத்து அரைத்து, மேலே புதிதாக அடித்திருந்தார்கள்.

"அம்மா, இது நம்ம வண்டி இல்ல."

"காசு கொடுத்து வாங்கினேன்டா."

"காசு கொடுத்தீங்க, சரி. வண்டி உங்களுது இல்ல."

பெண்களே, அந்த நிமிஷம்தான் முக்கியம். அதுவரை நீங்கள் ஏமாந்தவள். அதற்குப் பிறகும் அந்த வண்டியில் ஒரு கட்டு இலை ஏற்றினால் நீங்கள் வேறு ஆள். அந்த நிமிஷத்தில் நம்மைச் சுற்றி யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள், எல்லாரும் நம் மேல் பிரியம் உள்ளவர்களாகவே இருப்பார்கள். மெக்கானிக், "சொல்லுங்கம்மா, பிரிச்சுப் போட்டுடறேன். வண்டியும் இல்ல, வம்பும் இல்ல" என்றான். என் பெரியவன் போனில், "கொள்ளிடக் கரையில விட்டுட்டு வந்துருங்கம்மா, யாரு கேக்கப் போறா" என்றான். முருகேசன் மெதுவாக, "அதே மாதிரி போன்ல விளம்பரம் போட்டு வித்துடலாம்மா" என்றான்.

"யாருக்கு விப்பே? வாங்க வர்றவளும் இலைக்காரியோ பூக்காரியோவாத்தான் இருப்பா. அவளும் ஸ்டூல் போட்டு ஏறி என் சாமி பேரைச் சுரண்டணுமா?"

அவனிடம் கையை நீட்டினேன். சாவியை வாங்கி என் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும், நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்றேன்.

"அம்மா, நான் வேண்டாம்மா. நீங்க போங்க."

"பேசினது நீ. நீ இல்லாம என்னத்தச் சொல்றது?"

"எம் பேரு அங்க ஏற்கனவே இருக்கும்மா. தேர் அன்னிக்கு நடந்த அடிதடியில இழுத்துட்டுப் போனாங்களே. மறுபடி அந்தப் படி ஏறினா கலா எம் மூஞ்சிலயே முழிக்க மாட்டா."

கலா அவன் மனைவி. அந்த அடிதடியில் அவன் விலக்கிவிடப் போனவன், எனக்குத் தெரியும். "நீ என் பின்னாடி நில்லு, நான் பேசிக்கிறேன். உன்னை விட்டுட்டு நான் வெளிய வர மாட்டேன்" என்றேன். அந்த வாக்கை எந்த தைரியத்தில் கொடுத்தேன் என்று இன்று வரை தெரியவில்லை. முப்பது வருஷமாக இந்த வீதியில் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதை ஸ்டேஷன் வாசலுக்கு உள்ளேயும் வரும் என்று நினைத்துவிட்டேன்.

உள்ளே எஸ்.ஐ. நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு முருகேசன் பக்கம் கையை நீட்டினார்.

"விக்கிறவன்கூடப் பேசினது போன்ல இருக்குமே. காட்டு."

முருகேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இல்லைங்க சார்."

"இல்லன்னா?"

"அழிச்சிட்டேன் சார்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. முந்தின நாள் சாயந்திரம், நான் சாவியை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போன பிறகு, விளம்பரம், பேச்சு, அந்த ஆளின் நம்பர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருக்கிறான்.

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார். "பாட்டி, கண்ணாடியில இருந்த பேரை நீங்க அழிச்சிருக்கீங்க. கலரை மாத்தியிருக்கீங்க. இவன் மெசேஜை அழிச்சிருக்கான். வாங்கினதுக்கு ஆதாரமா என்னதான் மிச்சம் வெச்சிருக்கீங்க?"

"சாமி பேரு போடுறதுக்காகச் சுரண்டினேன் சார்."

"திருட்டு வண்டிக்கு முதல்ல போடுறதே சாமி பேருதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வயசுக்கு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. நான் பக்தியில் சுரண்டினேன், அவன் வேறு எதிலோ துடைத்தான். அந்த மேஜைக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன மனசோடு செய்தோம் என்பதை அங்கே நாம்தான் காட்ட வேண்டும், காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க. இவன் இருக்கட்டும்."

"சார், வாங்கினது நான். அவன் என் ஆளு."

"வாங்கினது நீங்க. பேசினது இவன். போங்கம்மா."

போகவில்லை. வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாக முருகேசனின் தோள் தெரிந்தது, சுவரோரமாகத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். என்னிடம் இலை வாங்குகிற மெஸ்காரர் ஏதோ புகார் கொடுக்க வந்தவர், உள்ளே அவனைப் பார்த்துவிட்டு, வெளியே என்னைப் பார்த்துவிட்டு, தெரியாதவர் மாதிரி படி இறங்கினார். மத்தியானம் கலா வந்தாள். என்னிடமிருந்து தள்ளி நின்றாள். ரொம்ப நேரம் கழித்துக் கிட்ட வந்தாள்.

"நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"அவரு வரேன்னாரா?"

நான் முந்தானையில் சாவியைத் தேடினேன். அதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது மறந்துபோயிருந்தது.

சாயந்திரம் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து பேத்தி போன் செய்தாள். அவள் அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "பாட்டி, நீங்க இலையில காசு வெச்சுக் கொடுத்தீங்களே, அந்தப் போட்டோ எங்கிட்ட இருக்கே" என்றாள். உடனே என் போனுக்கு அனுப்பினாள், அதில் அந்தத் திருடன் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு கையாலும் இலையை வாங்குகிறான். அவன் தலைக்கு மேலே, கண்ணாடியில், நான் இன்னும் சுரண்டாத பிரதீப், பிரியங்கா. எஸ்.ஐ. அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். அந்தப் பேரை வைத்துத் தேடியதில், வண்டி காணோம் என்று முசிறியில் ஒரு புகார் கிடைத்தது. இலையில் பணத்தை வாங்கினவனும் போலீஸுக்குப் புதியவன் இல்லை. ஆனாலும் எல்லாம் சரிபார்த்து முருகேசனை வெளியே விட மறுநாள் பொழுது சாய்ந்துவிட்டது. நான் முதல் நாளே கையோடு அந்தப் போட்டோவைக் கொண்டு போயிருந்தால் அவன் அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கவே வேண்டாம்.

இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டேஷனுக்குப் போனது சரி, இன்றைக்கும் அதையேதான் செய்வேன். போன விதம்தான் சரியில்லை. வண்டி திருட்டு என்று தெரிந்தால் அதை நகர்த்தாதீர்கள், கழுவக்கூடச் செய்யாதீர்கள். போனில் இருக்கிற ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள், அசிங்கமாக ஏதாவது இருந்தாலும் இருக்கட்டும். காசு கொடுத்ததைப் பார்த்தவர்களை, போட்டோ எடுத்தவர்களை எல்லாம் முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களாகவே வந்து சொன்னீர்கள் என்று எழுதி ரசீது வாங்குங்கள். வண்டி போகும், பணமும் அநேகமாகத் திரும்பாது, அதை அன்றைக்கே மனசில் தலை முழுகிவிடுங்கள். வாங்குவதற்கு முன்னால் என்றால் இன்னும் சுலபம். ஒரிஜினல் ஆர்.சி. கையில் வந்து, அதில் இருக்கிற நம்பரும் வண்டியில் அடித்திருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்கிற வரைக்கும் இலையை விரிக்காதீர்கள். பேர் மாறுகிற வரைக்கும் யார் பேரையும் சுரண்டாதீர்கள், சாமி காத்திருக்கும்.

முருகேசனை விட்ட அன்று அவனும் நானும் காவிரிப் பாலம் வரைக்கும் நடந்தே வந்தோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன், வேண்டாம் என்றான். பாலத்தில் வைத்துத்தான் கேட்டேன்.

"ஏன்டா அழிச்சே? போலீஸ் பாத்துருவாங்கன்னா?"

"இல்லம்மா. நீங்க பாத்துருவீங்கன்னு."

"நான் பாக்க என்ன இருக்கு அதுல?"

"ஆள் பிடிச்சுக் கொடுத்ததுக்கு வெத்தலைபாக்குக் காசுன்னு கமிஷன் கேட்டிருந்தேன் அவன்கிட்ட. கொடுத்தான். பிள்ளைக்கு ஸ்கூல் திறக்கிற நேரம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

வண்டி முடித்துக் கொடுக்கிற டிரைவர் அப்படிக் கேட்பது ஊரெல்லாம் நடக்கிறதுதான். முந்தின நாள் சொல்லியிருந்தால் இரண்டு திட்டுத் திட்டியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். ஆனால் கட்டுக்குள் கிழிந்த இலையைக் கலந்து வைத்த தோட்டக்காரனை நடு வீதியில் நிற்க வைத்துக் கேட்கிறவள் நான். கடையில் வேலை பார்த்த யாரும் என்னிடம் ஒரு தப்பைத் தானாக வந்து சொன்னதில்லை. கறாரான பொம்பளை என்று பேர், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நீங்களும் அப்படித்தான் வர வேண்டும். ஆனால் நெருக்கடி வந்த அன்று, ஸ்டேஷன் படி ஏறுவதற்கு முன்னால், உங்கள் ஆளைத் தனியாக உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நான் எதுவும் சொல்ல மாட்டேன், உள்ளதைச் சொல்லு" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. உத்தரவு போட்டேன்.

வண்டி மாதக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றது. பிறகு கோர்ட்டு மூலமாக முசிறிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வாங்க அந்த வீட்டுப் பெண்தான் வந்தாள், நானும் அன்று அங்கே போயிருந்தேன். வண்டி போன பிறகு புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டானாம். நன்றி சொல்வாள் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள், கண்ணாடியைப் பார்த்தாள்.

"எம் பிள்ளைங்க பேரை யாரு சுரண்டினது?"

"நான்தாம்மா."

"கலரையும் மாத்திட்டீங்க. தெரியாம வாங்கினவங்க இவ்வளவு அவசரமா மாத்துவாங்களா?"

நான் என்ன சொன்னாலும் அது ஸ்டேஷனில் சொன்ன மாதிரியேதான் இருக்கும் என்று தெரிந்தது. பச்சை வண்டியை ஒரு பையன் ஓட்ட, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போனாள்.

முருகேசன் அந்த ஆடி முடியும் வரைக்கும் வாடகை வண்டியில் இலை ஏற்றிக் கொடுத்தான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வரவில்லை. எந்த மண்டபத்துக்கு எத்தனை கட்டு என்று ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தான். எந்தக் குறையும் வைக்காமல் போனான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் பஸ் ஏறிப் பொன்மலைப்பட்டிக்குப் போனேன். அவன் ஒர்க்ஷாப் பக்கம் யாரிடமோ தண்ணீர் வண்டி ஓட்டுவதாகச் சொன்னார்கள், வீட்டில் இல்லை. கலா கதவுக்குப் பின்னால் பாதி உடம்பு தெரிய நின்றாள். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை.

"அவன் மறுபடி வரணும்னு கேக்க வந்தேன் கலா. நடந்ததுக்கு நான்தான் காரணம்னா..."

"இல்லைங்கம்மா. நீங்க செஞ்சது சரிதான்னு அவரே சொல்றாரு. எப்பக் கேட்டாலும் அதையேதான் சொல்றாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதனாலதான் உங்ககிட்ட என்னால ஒரு சண்டைகூடப் போட முடியல."

வாசலிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன். அடுத்த தையில் கடையை விட்டேன்.

கண்ணு, எழுதினது போதும். முதலிலிருந்து வாசி. அவன் அழித்தான் என்கிற இடம் வந்ததும் நிதானமாக வாசி. ஏன் அழித்தான் என்று சொன்னேனே, அது விடாமல் வந்திருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும்.